உங்கள் பகுதி வௌவால்களை அறிந்துகொள்வது எப்படி? அந்திப் பொழுதில் தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வௌவால்களைப் படத்தில் பார்த்தவர்களும் அவற்றைப் பற்றிப் படித்தவர்களும் பலர். ஆனால் தாம் வாழும் பகுதியில் அவை பகலில் எங்கே தொங்குகின்றன, மாலையில் எத்தனை மணிக்கு வெளியே வருகின்றன, எதை உண்டு வாழ்கின்றன என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. இந்த வழிகாட்டி அந்தச் சிலருள் ஒருவராக விரும்புவோருக்காக எழுதப்பட்டது. இதற்கு அறிவியல் பட்டமோ விலையுயர்ந்த கருவிகளோ தேவையில்லை. ஒரு குறிப்பேடும், ஒரு கடிகாரமும், ஒரே இடத்தில் பல மாலைகள் அமர்ந்திருக்கும் பொறுமையும் போதும். வௌவால்களைக் காக்க வேண்டும் என்று பேசத் தொடங்குவதற்கு முன்பே, அவை எங்கே இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன என்று எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தை, அவற்றை எண்ணும் முறையைச் சொல்லும்போது விளக்குகிறேன்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

உலகில் இதுவரை 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வௌவால். தாய்லாந்திலும் மியான்மரிலும் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் கிட்டி வௌவால் சுமார் 2 கிராம் எடையே உடையது. பிலிப்பைன்ஸில் வாழும் பொன்முடிப் பழந்தின்னி வௌவாலோ ஒரு கிலோவுக்கு மேல் எடையும், விரித்தால் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள இறக்கையும் கொண்டது. இவ்வளவு வேறுபாடுகளுக்கு இடையிலும் எல்லா வௌவால்களுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: இறக்கையாக நாம் காண்பது உண்மையில் ஒரு கை. நீண்ட நான்கு விரல்களுக்கு இடையே மெல்லிய தோல் சவ்வாக விரிந்திருக்கிறது. கட்டைவிரல் மட்டும் தனியே கொக்கி போல நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வரிசைக்கு விலங்கியலாளர்கள் வழங்கும் 'கைராப்டெரா' என்ற கிரேக்கப் பெயருக்கும் 'கைச்சிறகிகள்' என்பதே பொருள். பாலூட்டிகளில் சிறகடித்துப் பறக்க வல்லவை இவை மட்டுமே.

வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது தவறு. எல்லா வௌவால்களுக்கும் பார்வை உண்டு. பழந்தின்னி வௌவால்களுக்கு இரவுப் பார்வை மிகக் கூர்மையானது. வௌவால் இரத்தம் குடிக்கும் என்ற அச்சத்துக்கும் பெரும்பாலான நாடுகளில் இடமில்லை. இத்தனை இனங்களில் இரத்தம் உண்பவை மூன்று மட்டுமே. அவையும் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரையிலான நிலப்பரப்பில்தான் வாழ்கின்றன.

முதல் படி: ஓரிடத்தைத் தேர்ந்து அந்தியில் அமர்தல்

முதல் வாரத்தில் எதையும் தேடி அலைய வேண்டாம். வானம் நன்றாகத் தெரியும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீர்நிலையின் கரை, மரவரிசையின் ஓரம், தோப்பும் வெளியும் சந்திக்கும் விளிம்பு ஆகியவை மிகப் பொருத்தமானவை. ஏனெனில் பூச்சிகள் அங்கே திரளும், வௌவால்களும் இத்தகைய விளிம்புகளைப் பாதை போலப் பயன்படுத்தும். சூரியன் மறைவதற்கு இருபது நிமிடங்களுக்கு முன் சென்று அமர்ந்து, மறைந்த பிறகு ஒரு மணி நேரம் வரை இருங்கள். மழையும் பலத்த காற்றும் இல்லாத, வெதுவெதுப்பான மாலைகளே சிறந்தவை.

அந்தி வானில் கடைசியாகப் பறக்கும் தகைவிலான்களையும் உழவாரன்களையும் வௌவால் என்று தொடக்கத்தில் பலரும் மயங்குவதுண்டு. இறக்கையை அசைக்காமல் நெடுந்தூரம் வழுக்கிச் சென்றால் அது பெரும்பாலும் பறவை; இடைவிடாது சிறகடித்து, திடீரென வளைந்து, கீழே விழுவது போலத் திரும்பினால் அது பூச்சியுண்ணும் வௌவால். மெதுவாகவும் கனமாகவும் சிறகடித்தபடி, ஏதோ ஓர் ஊருக்குப் போவது போல நேர்கோட்டில் கடந்து செல்வது பழந்தின்னி வௌவால். ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் இந்த வேறுபாடு மிக எளிதில் கண்ணில் படும். அமெரிக்கக் கண்டங்களில் பழம் உண்ணும் வௌவால்கள் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை உருவில் சிறியவை என்பதால் அங்கே பறப்பதை வைத்து மட்டும் பிரிப்பது கடினம்.

ஒரு வாரம் கழிந்ததும் பறக்கும் உயரத்தையும் விதத்தையும் குறிக்கத் தொடங்குங்கள். மர உச்சிக்கு மேலே வேகமாக, நேராகப் பறக்கும் ஒன்று. நீர்ப்பரப்பை ஒட்டி ஒரு சாண் உயரத்தில் சுற்றிச்சுற்றி வரும் ஒன்று. இலைகளுக்கு நடுவே மெல்லப் படபடத்து நுழையும் ஒன்று. இனத்தின் பெயர் தெரியாவிட்டாலும், உங்கள் பகுதியில் குறைந்தது மூன்று வகை வாழ்க்கை முறைகள் இருக்கின்றன என்று இதிலிருந்தே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: தங்கிடத்தைக் கண்டறிதல்

முதல் வௌவால் எந்தத் திசையிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்று தினமும் குறித்து வாருங்கள். மறுநாள் அந்தத் திசையில் நூறு அடி தள்ளி அமருங்கள். வரும் நேரம் முந்தினால் தங்கிடத்தை நெருங்குகிறீர்கள் என்று பொருள். நான்கைந்து மாலைகளில் ஒரு பழைய கட்டடத்தின் வெடிப்பையோ, பாலத்தின் அடிப்புற இடுக்கையோ, பட்டுப்போன மரத்தின் பொந்தையோ இப்படிக் கண்டுபிடித்துவிடலாம்.

பகலில் தேடுவோருக்கு எச்சமே நல்ல சாட்சி. சுவர் ஓரத்தில் அரிசியளவில் கருப்பாகக் கிடப்பது எலிப் புழுக்கையா, வௌவால் எச்சமா என்ற ஐயம் எல்லோருக்கும் வரும். கையுறை அணிந்து, முகத்தை மூடிக்கொண்டு, ஒன்றை ஒரு குச்சியால் வெள்ளைத் தாளின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். எலியுடையது காய்ந்தால் கல் போல இறுகியிருக்கும். பூச்சியுண்ணும் வௌவாலுடையது சற்றே அழுத்தியதும் பொடியாக உதிரும். அந்தப் பொடியைச் சாய்வெயிலில் பிடித்தால் துகள் துகளாக மினுக்கம் தெரியும். அவை வண்டுகளின் ஓடும் அந்துப்பூச்சிகளின் செதிலும்தான். முந்தைய இரவின் வேட்டை முழுவதும் அந்தச் சிட்டிகைப் பொடியில் இருக்கிறது. இதைக் கண்ட பிறகு வௌவாலைப் பற்றிய அருவருப்பு நீங்கி ஆர்வம் பிறந்ததை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

தாழ்வாரத்துக் கூரையின் கீழ் அந்துப்பூச்சி இறக்கைகள் மட்டும் உதிர்ந்து கிடந்தால், ஒரு வௌவால் அங்கே தொங்கி இரை உண்கிறது என்று கொள்ளலாம். பழந்தின்னிகள் பழத்தைக் கடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டு, நாரை உருண்டையாகத் துப்பிவிடும். பழமரம் இல்லாத இடத்தில் இத்தகைய சக்கை உருண்டைகளும் விதைகளும் கிடந்தால் அண்ணாந்து பாருங்கள். தங்கிடங்களின் வகை நம் கற்பனையைவிடப் பெரிது. வண்டு துளைத்த சிறு பிளவின் வழியாக மூங்கிலுக்குள் புகுந்து வாழும் வௌவால்கள் தென்கிழக்கு ஆசியாவில் உண்டு. போர்னியோவில் ஒரு சிறு வௌவால் குடுவைத் தாவரத்தின் குடுவைக்குள்ளேயே பகலைக் கழிக்கிறது. அதன் எச்சம் அந்தச் செடிக்கு உரமாகிறது.

தங்கிடத்தைக் கண்ட மகிழ்ச்சியில் உள்ளே நுழைந்துவிடக் கூடாது. குட்டி ஈனும் காலத்தில் தாய்கள் திடுக்கிட்டுப் பறந்தால் குட்டிகள் கீழே விழுந்து இறந்துபோகும். குளிர் நாடுகளில் குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவாலின் இதயம் நிமிடத்துக்கு இருபது துடிப்புக்கும் கீழே இறங்கியிருக்கும். விழிக்கும் ஒவ்வொரு முறையும், வசந்தம் வரை தாங்க வேண்டிய கொழுப்பு கரைந்து குறையும். பல நாடுகளில் தங்கிடத்துக்குள் நுழைவதும் தொந்தரவு செய்வதும் சட்டப்படி குற்றம். எனவே வெளியே நின்று பார்ப்பதே முறை. ஒளி தேவைப்பட்டால் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் விளக்கைத் தரையை நோக்கிப் பிடியுங்கள், தங்கிடத்தின் வாயை நோக்கி அல்ல.

மூன்றாம் படி: கேட்காத ஒலியைக் கேட்டல்

இத்தாலிய அறிஞர் லாஸரோ ஸ்பல்லன்சானி 1793-இல் தொடங்கிய சோதனைகளில், பார்வை பறிக்கப்பட்ட வௌவால்களும் தடைகளில் மோதாமல் பறப்பதைக் கண்டார். வெளியே விடப்பட்டுப் பின்பு பிடிபட்டவற்றின் வயிறு பூச்சிகளால் நிறைந்திருந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த மருத்துவர் லூயி ஜூரின் வௌவால்களின் காதுகளை அடைத்துப் பார்த்தபோது அவை தடுமாறின. காதால் பார்க்கின்றன என்ற இந்த முடிவை அக்காலத்தவர் ஏற்கவில்லை. 1938-இல் ஹார்வர்டில் டொனால்டு கிரிஃபின் என்ற மாணவர், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பதிவு செய்யும் கருவிக்கு முன்னால் வௌவால்களைக் கொண்டுசென்றபோதுதான் உண்மை விளங்கியது. எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டு இடமறியும் இந்தத் திறனுக்கு 1944-இல் பெயர் சூட்டியவரும் அவரே.

ஒலி நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அதிர்கிறது என்பதைக் கிலோஹெர்ட்ஸில் அளப்பார்கள். மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பெரும்பாலான பூச்சியுண்ணும் வௌவால்கள் அதற்கு மேல்தான் ஒலி எழுப்புகின்றன; சில 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டுகின்றன. அதை நாம் கேட்கும்படி மாற்றித் தருவதுதான் பேட் டிடெக்டர் என்னும் கருவி. கையடக்கமான எளிய வகையும், மொபைலில் செருகிப் பதிவு செய்யும் வகையும் கிடைக்கின்றன. தொடங்குபவர்களுக்கு எளிய வகையே போதும். சுழற்றியை 40 கிலோஹெர்ட்ஸ் அருகே வைத்து, வௌவால் கடக்கும்போது மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். ஒலி எந்த எண்ணில் மிகத் தெளிவாக, அடர்த்தியாகக் கேட்கிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவி கையில் இருக்கும் முதல் இரவில் நீங்கள் காத்திருக்க வேண்டியது ஒரு குறிப்பிட்ட ஒலிக்காக. இருட்டில் 'டிக்... டிக்... டிக்...' என்று சீராக ஒலித்துக்கொண்டிருப்பது, பூச்சி ஒன்று எதிர்ப்பட்டதும் 'டிக்டிக்டிக்' என நெருங்கி, கடைசி நொடியில் துணி கிழிவது போல 'ட்ர்ர்ர்' என்று முடியும்; பிறகு ஒரு கண மௌனம். இரையை எட்டும் அந்தத் தருணத்தில் வௌவால் நொடிக்கு 200 முறை வரை ஒலி எழுப்புகிறது. ஒரு மணி நேரத்தில் இந்தக் கிழிபடும் ஒலி எத்தனை முறை கேட்டது என்று எண்ணினால், அந்த இடத்தில் நடக்கும் வேட்டையின் அளவை நீங்களே அளந்தவராவீர்கள்.

காதால் கற்பது எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு ஐரோப்பாவின் பிப்பிஸ்ட்ரெல் வௌவாலே சான்று. வீடுகளின் கூரைகளில் சாதாரணமாகக் காணப்படும் இந்தச் சிறு வௌவாலை ஓரினம் என்றே நெடுங்காலம் கருதினார்கள். சில 45 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் சில 55 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் ஒலி எழுப்புவதைக் கவனித்த பிறகு, 1990-களில் அவை இரு வேறு இனங்கள் என்று உறுதியானது.

பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை எதிரொலியைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே பெரிய வௌவால் கடந்தபோது கருவி மௌனமாக இருந்தால் அது பழுதன்று. அந்த மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எண்ணுதல்

என்னைப் பொறுத்தவரை எல்லாப் படிகளிலும் இதுவே முதன்மையானது. தங்கிடத்தின் வாய்க்குப் பக்கவாட்டில், வெளிவரும் வௌவால்கள் வெளிர்வானத்தின் பின்னணியில் தெரியும்படி, பறக்கும் பாதையில் குறுக்கிடாமல் அமருங்கள். எண்ணும் பொத்தான் கருவி ஒன்று கையில் இருந்தால் கண்ணை எடுக்காமல் எண்ணலாம். வெளியேறியவை எத்தனை, உடனே திரும்பி நுழைந்தவை எத்தனை என்று தனித்தனியே எண்ணி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதே கணக்கு. பத்து நிமிடம் எதுவும் வெளிவராவிட்டால் முடித்துக்கொள்ளலாம். தேதி, சூரியன் மறைந்த நேரம், முதல் வௌவால் வந்த நேரம், வெப்பநிலை, காற்று, நிலவு ஆகியவற்றை அதே பக்கத்தில் எழுதுங்கள். கூட்டம் பெரிதானால் பத்துப் பத்தாக மதிப்பிட நேரும்; அப்போது 'மதிப்பீடு' என்ற சொல்லை மறவாமல் சேர்த்து எழுத வேண்டும். டெக்சாஸில் உள்ள பிராக்கன் குகை போல ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வௌவால்கள் புகைபோல எழும் இடங்களில் தனியொருவர் எண்ணுவது இயலாத செயல். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு வாய்ப்பது முப்பதும் நானூறும் கொண்ட கூட்டங்களே.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். எலியளவே உள்ள ஓர் உயிர் எலியைப் போலவே பெருகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். வௌவால் அப்படிப்பட்டதன்று. பெரும்பாலான இனங்களில் ஒரு தாய் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டியைத்தான் ஈனுகிறது. அதற்கேற்ப ஆயுள் நீண்டது: சைபீரியாவில் அடையாள வளையமிடப்பட்ட பிராண்ட் வௌவால் ஒன்று 41 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் பிடிபட்டது; அந்த இனத்தின் எடை ஒரு சிறு நாணயத்தின் எடையளவுதான். இவ்வாறு மெல்ல வாழும் ஓர் உயிரின் கூட்டத்தில் ஒரே மாலையில் நூறு அழிந்தால், அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் ஆகும். முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கை எவரிடமும் இல்லையென்றால், இழப்பு நேர்ந்ததே தெரியாமல் போய்விடும். ஒரு கூட்டம் குறைந்துவிட்டது என்று வருந்துவோர் பலரிடம் 'முன்பு எத்தனை இருந்தன?' என்று கேட்டால் 'நிறைய' என்பதே பதிலாக வருகிறது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த மரத்தையும் காப்பாற்ற முடிவதில்லை. ஆண்டுதோறும் ஒரே வாரத்தில், ஒரே இடத்தில் அமர்ந்து எடுத்த ஐந்து எண்கள் அதைச் செய்யும்.

ஐந்தாம் படி: அவை செய்யும் வேலையைக் கண்ணால் காணுதல்

வௌவால்கள் இயற்கைக்கு ஏன் தேவை என்பதை மூன்று இடங்களில் நேரில் பார்க்கலாம்.

முதலாவது வயல். பூச்சியுண்ணும் வௌவால் ஓர் இரவில் தன் எடையில் பாதிக்கும் மேல் பூச்சிகளை உண்ணக்கூடும். பாலூட்டும் தாய் அதனினும் கூடுதலாக உண்ணும். மக்காச்சோள வயலின் ஒரு பகுதியை இரவில் மட்டும் வலையால் மூடி வௌவால்களைத் தடுத்து, பகலில் பறவைகளுக்காகத் திறந்துவிட்டு நடத்திய ஆய்வில், மூடிய பகுதியின் கதிர்களில் புழுக்களும் சேதமும் தெளிவாகக் கூடின. இதனினும் பெரிய பாடத்தை ஒரு துயரம் கற்றுத்தந்தது. 2006-இல் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் முதன்முதலாகக் காணப்பட்ட வெள்ளை மூக்கு நோய், குளிர்கால உறக்கத்தில் இருந்த வௌவால்களை லட்சக்கணக்கில் கொன்றது. வட அமெரிக்காவின் மூன்று இனங்கள் பத்தாண்டுகளில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. நோய் பரவிய மாவட்டங்களில் விவசாயிகள் தெளித்த பூச்சிக்கொல்லியின் அளவு சுமார் 31 சதவீதம் உயர்ந்தது என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. வௌவால்கள் சத்தமின்றிச் செய்துவந்த வேலையை, அவை போன பிறகு நஞ்சு செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டாவது இடம், இரவில் பூக்கும் மரம். வௌவாலுக்காகப் பூக்கும் பூக்கள் பெரும்பாலும் வெளிர் நிறத்தவை, தடித்த இதழ் கொண்டவை, புளித்தது போன்ற கனத்த மணம் உடையவை. இலைகளிலிருந்து விலகி, வௌவால் எட்டும்படி தொங்கிக்கொண்டோ தண்டிலேயே ஒட்டிக்கொண்டோ இருக்கும். அத்தகைய மரம் பூத்திருக்கும் இரவில் அசையாமல் சற்றுத் தொலைவில் நின்றால், ஒரு நிழல் வந்து பூவின் மேல் ஒரு நொடி அமர்ந்து மறைவதைக் காணலாம்; அந்த நொடியில் அதன் கழுத்து மயிர் முழுவதும் மகரந்தம் அப்பிக்கொள்கிறது. ஆப்பிரிக்காவின் பாவோபாப், தென்கிழக்கு ஆசியாவின் துரியன், மெக்சிகோவின் ஆனைக்கற்றாழை இனங்கள் பல ஆகியவை இப்படி வௌவால்களை நம்பியிருப்பவை.

மூன்றாவது, வெட்டவெளி. பறவைகள் பெரும்பாலும் கிளையில் அமர்ந்தபடி எச்சமிடும். வௌவால்களோ பறந்துகொண்டே எச்சமிடுவதால், மரமே இல்லாத தரிசின் நடுவிலும் விதைகள் விழுகின்றன. அழிந்த காடு மீண்டும் முளைக்கத் தொடங்குவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆப்பிரிக்காவின் வைக்கோல் நிறப் பழந்தின்னி வௌவால், சிறு விதைகளை 75 கிலோமீட்டர் வரை சுமந்து செல்லக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தங்கிடத்தின் அடியில் முளைத்து நிற்கும் நாற்றுகளை இனம் பிரித்து எழுதிப் பாருங்கள்; அவற்றின் தாய் மரங்கள் எத்தனை தொலைவில் இருக்கின்றன என்று தேடினால், உங்கள் பகுதி வௌவால்களின் உலாப்பரப்பு ஓரளவு புலப்படும்.

ஆறாம் படி: பாதுகாப்பு, உங்களுக்கும் அவற்றுக்கும்

வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை. வெறிநோய் போன்ற கொடிய நோய்க்கிருமிகளை அவை சுமக்கக்கூடும். வௌவாலின் பல் பட்ட தடம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியதாக இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் எழும் தூசி நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. நீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் அணிந்து அகற்றுவதே சரி. வௌவால் கடித்த பழத்தை உண்ண வேண்டாம். இவற்றைக் கடைப்பிடித்தால், தொலைவில் அமர்ந்து வௌவால்களைப் பார்ப்பதில் அஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை. அடிபட்டுத் தரையில் கிடப்பதைக் கண்டால், துளையிட்ட அட்டைப்பெட்டியை அதன்மேல் கவிழ்த்துவிட்டு, வனத்துறைக்கோ வனவிலங்கு மீட்பு அமைப்புக்கோ தகவல் சொல்லுங்கள்.

அறைக்குள் புகுந்துவிட்டால் உள்விளக்கை அணைத்து, ஜன்னல்களை முழுவதும் திறந்துவைத்து வெளியேறுங்கள். அதுவே வழி கண்டு போய்விடும். கூரையில் நிலையாகத் தங்கியிருப்பதை அகற்றியே ஆக வேண்டுமானால், குட்டி வளரும் காலமும் குளிர்கால உறக்கக் காலமும் கழிந்த பிறகு, வெளியேற முடிந்து உள்ளே வர முடியாதபடி வலையைத் தொங்கவிட்டு, எல்லாம் போன பின்பு துளையை அடைக்க வேண்டும். அதற்கு முன் அடைத்தால் குட்டிகள் உள்ளேயே மடியும்.

ஏழாம் படி: தெரிந்ததைக் கொண்டு காத்தல்

முதலில் பட்டுப்போன மரம். பொந்துள்ள முதிய மரம் எவருக்கும் ஆபத்தில்லாத இடத்தில் நின்றால், அதை வெட்டாமல் விடச் செய்வது, வௌவால்கள் தங்குவதற்கென நூறு மரப்பெட்டிகள் வைப்பதைவிட மேலானது. மரப்பெட்டி வைப்பதானால், உட்புறம் சொரசொரப்பாகவும் வண்ணம் பூசாமலும் இருக்க வேண்டும். தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல், பறந்து வந்து நுழையத் தடையில்லாத இடத்தில் பொருத்த வேண்டும். வௌவால்கள் வர ஓரிரு ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம்.

அடுத்தது வெளிச்சம். தங்கிடத்தின் வாயில் ஒரு விளக்கு எரிந்தால் வௌவால்கள் வெளியே வரத் தாமதிக்கின்றன. பூச்சிகள் மிகுந்திருக்கும் அந்திப் பொழுது அவற்றுக்குக் கிடைக்காமல் போகிறது. அந்த விளக்கைத் திருப்பிவைக்கச் சொல்லி உரியவரிடம் கேட்பதற்கு, விளக்கு வருமுன் எடுத்த நேரக் குறிப்புகளே உங்கள் வாதம்.

தனிமனிதர் கைக்கு எட்டாத ஆபத்துகளும் உண்டு. வெப்பம் 42 பாகையைத் தாண்டினால் பறக்கும் நரிகள் எனப்படும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் மரத்திலிருந்து உதிர்கின்றன. 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் இரண்டே நாள்களில் அந்நாட்டில் வாழும் ஓர் இனத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மடிந்தது. காற்றாலைகளும் பல இனங்களைக் கொல்கின்றன. ஆனால் காற்று மெதுவாக வீசும் இரவுகளில் இறகுகளைச் சுழலவிடாமல் நிறுத்திவைத்தால் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. மீட்சியும் நடக்கக்கூடியதே: 1988-இல் அமெரிக்காவில் அழியும் தறுவாயில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட சிறு நீள்மூக்கு வௌவால், குகைகளும் உணவுத் தாவரங்களும் காக்கப்பட்டதால் பெருகி, 2018-இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் விடாமல் எண்ணியவர்கள் இருந்ததால்தான் அந்த முடிவை எடுக்க முடிந்தது.

உங்கள் குறிப்புகளை உள்ளூர் இயற்கை ஆர்வலர் குழுவிடமோ, உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொது இணையத்தளத்திலோ சேருங்கள். பதிவிடும்போது தங்கிடத்தின் துல்லியமான இடத்தை மறைக்கும் வசதியைத் தவறாமல் பயன்படுத்துங்கள். குகையின் இடம் வெளியானால் தீங்கு செய்பவர்களும் வருவார்கள், நல்லெண்ணத்தோடு பார்க்க வருபவர்களின் கூட்டமும் அதே கேட்டைச் செய்துவிடும். மூலக் குறிப்பேட்டை மட்டும் உங்களிடமே வைத்து, அடுத்த ஆண்டு இதே வாரத்தின் தேதியை அதன் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுதிவிடுங்கள்.